ஏழு அங்கிள்களும் ஓர் அடையாள அட்டையும்

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி மூன்றாவது தடவையாகக் கேட்டார், நோயாளியின் பெயர் என்ன என்று.

முதலில் சிங்களத்தில் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டும் எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றேன். பாவம், இந்த மனுசிக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தனக்குத் தெரிந்த தமிழில் "பேர், பேர்" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் கொழும்புப் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். பெயர்ச்சொல் என்றால் என்ன என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அந்த நேரம் என் வாயில் ஒரேயொரு பெயர்ச்சொல்தான் வந்து நின்றது. அது பெயரே இல்லை. அதைச் சொன்னால் அந்த மனிதர் சிரிப்பார் என்று வெட்கப்பட்டு விழுங்கிவிட்டேன்.

"அவருக்கு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. டொக்டரிடம் உடனே சொல்லவேண்டும்" என்றேன்.

"பெயரைச் சொல்லுங்கள் மிஸ், இந்த நிமிடமே வார்டுக்கு போன் பண்ணுகிறேன்" என்றார் அவர். நியாயமான பேச்சு. என்னிடம்தான் பெயர் இல்லை.

"இன்று காலை வெள்ளவத்தையில் விழுந்த ஒரு வயதானவர்..."

"காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் எங்கேயோ விழுந்தவர்கள்தான் மிஸ்."

பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் தன் குடையின் நுனியால் என் செருப்பைத் தட்டினார். பெயர் தெரிந்ததும் வாருங்கள் என்று சொல்லி, கண்ணாடிக்காரர் அடுத்தவரைக் கூப்பிட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே ஒருவர் மீதும் பிழை இல்லை. பிழை முழுவதும் வெள்ளவத்தையில், எங்கள் ஃப்ளாட்ஸில் இருந்தது.

எந்த அங்கிள்?

அன்று காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் எங்கள் செக்கியூரிட்டி நாலு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்டைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதி, கமிட்டியோடு பகையும் தேடிக்கொண்டாயிற்று. இன்று அதை விடுகிறேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். அங்கிள் ரோட்டில் விழுந்துவிட்டாராம். தலையிலும் காலிலும் காயமாம். ஓர் ஓட்டோக்காரர் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வந்து சொல்லிவிட்டு, அடுத்த ஹயர் சவாரிக்குப் போய்விட்டாராம்.

"எந்த அங்கிள்?" என்று கேட்டேன்.

கேட்கவேண்டித்தான் இருந்தது. எங்கள் ஃப்ளாட்ஸில் அங்கிள்கள் ஏழு பேர். கமிட்டி அங்கிள், தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மோட்டார் அங்கிள், பென்ஷன் எடுத்த பிறகும் அயலுக்கெல்லாம் ஊசி போட்டுவிடும் ஊசி அங்கிள், விடியக்காலையில் ரேடியோவை அலறவிடும் ரேடியோ அங்கிள், கார் நிறுத்தும் இடத்துக்காக எல்லோரோடும் சண்டை கொளுவிக்கொள்ளும் கார் அங்கிள், அவரோடு கொளுவுவதற்கென்றே இறங்கி வரும் இரண்டாம் மாடி அங்கிள். ஏழாவது ஆளுக்கு அடைமொழியே கிடையாது. அவர் வெறும் அங்கிள்.

"சும்மா அங்கிள்" என்றார் செக்கியூரிட்டி.

வெறும் அங்கிள் என் எதிர்வீட்டுக்காரர். பதினொரு வருடமாக ஒரே மாடியில் கதவுக்குக் கதவு பார்த்தபடி இருக்கிறோம்.

அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று தெரியும். விளைமீன் என்றால் விரும்பிச் சாப்பிடுவார், கத்தரிக்காய் என்றால் தொண்டை கடிக்கும் என்று தெரியும். மகள் நோர்வேயில், ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பாள். மனைவி காலமாகி நாலு வருடம். அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், ஆனால் அவர் அங்கிள். அக்காவின் புருஷன் எப்படி அங்கிள் ஆனார் என்று என்னைக் கேட்காதீர்கள். மாடியில் இருந்த குழந்தைகள் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன். எனக்கு இப்போது அறுபத்தொன்று. அவருக்கு அறுபத்தெட்டோ ஒன்பதோ. ஏழு வயது மூத்தவரை அங்கிள் என்று கூப்பிடும் நரைத்த தலைக்காரி நான்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் புண் வந்து, பக்கத்து கிளினிக்கில் மருந்து எடுத்தார். அன்றைக்கே முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு விட முடியாமல் என் கதவில் வந்து சாய்ந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு ஓடினேன். இனி இவருக்கு பெனிசிலின் வகை மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, யார் மருந்து கொடுத்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று அந்த டொக்டர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னார்.

காயத்தோடு போனவருக்கு ஆஸ்பத்திரியில் முதலில் என்ன கொடுப்பார்கள்? அதை நினைத்துத்தான் வீட்டுச் சட்டையோடு ஓட்டோ பிடித்துப் பறந்தேன். பெயர் தெரியாது என்பது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கொட்டாஞ்சேனையில் இந்தக் கரைச்சல் இல்லை

நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒருவருக்கும் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. அந்தோனி அண்ணை, காசிம் நானா, மூலை வீட்டு ராசம்மா அக்கா. சொந்தக்காரர் என்றால் அதற்கும் தனித்தனி முறை. அப்பாவின் தமையன் பெரியப்பா. தம்பி சித்தப்பா, எங்கள் வீட்டில் குஞ்சியப்பா என்போம். அம்மாவின் உடன்பிறந்தவர்கள் மாமா. ஒரு சொல்லைக் கேட்டாலே அந்த ஆள் வீட்டின் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முதல் அங்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொஃபிப் பெட்டியோடு வந்தார். அப்பாவோடு கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலகத்தில் வேலை செய்தவர். நீளக் காற்சட்டை, தலையில் எண்ணெய் மினுக்கம். நான் "மாமா" என்று கூப்பிட்டதும் அவருக்கு முகம் சுருங்கியது. "கோல் மீ அங்கிள்" என்றார்.

அவர் போன பிறகு அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டா.

"அங்கிள் எண்டா என்ன முறை? உங்கட தம்பியோ, என்ர தமையனோ?"

"இங்கிலீசில எல்லாம் ஒண்டுதான்."

"ஒண்டெண்டா அவங்கள் எப்பிடிக் கலியாணம் பேசுறவங்கள்?"

அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தப்பாவின் மகன் எனக்கு அண்ணன், மாமாவின் மகன் எனக்கு மச்சான். ஒருவனோடு ராக்கெட் விட்டு விளையாடலாம், மற்றவனைக் கட்டி வைத்துவிடுவார்கள். இதில் ஒன்றென்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வராதா?

ஆனால் பின்னாளில் அதே வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவள் நானேதான். கரும்பலகையில் ஒரு பக்கம் மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தையின் கணவர், சின்னம்மாவின் கணவர் என்று வரிசையாக எழுதி, ஒரு பெரிய அடைப்புக்குறி போட்டு, மறுபக்கம் ஒரே சொல்லை எழுதுவேன். பிள்ளைகளுக்கு வாயெல்லாம் பல். ஐந்து சொல் பாடமாக்க வேண்டிய இடத்தில் ஒன்று போதுமே. "இங்கிலீஷ் எவ்வளவு ஈசி பாத்தீங்களா?" என்று நானும் பெருமையாகச் சொல்வேன். அந்தக் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று இப்போது நானே என் தலையில் குட்டிக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையில் இந்தச் சொல் இவ்வளவு தடிப்பாக வளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கெங்கேயோ இருந்து வந்து ஒரு அறை, அரை அறை என்று வாடகைக்கு இருந்தோம். அந்த நாளில் பெயர் கேட்டவர்கள் எல்லாம் சீருடையில் இருந்தவர்கள். பெயர் என்ன, எந்த ஊர், எதற்கு வந்தாய், ஐசி என்கிற அடையாள அட்டை எங்கே? அதனால் பக்கத்து வீட்டுக்காரன் பெயரைக் கேட்காமல் விடுவது ஒரு மரியாதையாகிவிட்டது. கேட்டால் அந்த மனிதர் திடுக்கிடுவார். அங்கிள் என்றால் இருவருக்கும் நிம்மதி. பிறகு காலம் மாறியது. அந்தப் பழக்கத்தை மட்டும் நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

என் போனில் இருந்தவர்கள்

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து போனைத் திறந்தேன்.

அங்கிள் நாலாம் மாடி. அங்கிள் கமிட்டி. அங்கிள் பிளம்பர். அங்கிள் ஓட்டோ. அங்கிள் ஓட்டோ இரண்டு. அங்கிள் தேங்காய். என் போனில் மனிதர்களே இல்லை, அங்கிள்கள்தான் இருந்தார்கள்.

நாலாம் மாடிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. காலையில் அவருடைய பூட்டிய கதவுக்குள் போன் கத்தியதைக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கியிருந்தேன், ஆனாலும் அடித்தேன். மகளுடைய நம்பர் அந்தப் போனுக்குள் இருக்கிறது.

கமிட்டி அங்கிளுக்கு அடித்தேன்.

"எதிர்வீட்டு அங்கிளின்ர முழுப்பேர் என்ன?"

"ஏன் டீச்சர், என்ன பிரச்சினை?"

"ஆஸ்பத்திரியில நிக்கிறன். பேர் சொல்லுங்கோ."

"அவர்... பொறுங்கோ... அவரை அங்கிள் எண்டுதானே சொல்லுறது."

"மெயின்டனன்ஸ் ரசீதில என்ன எழுதுறனீங்கள்?"

"ஃபோர் பி எண்டு எழுதுறது."

எனக்கு விசர் வந்தது. "வீட்டு நம்பருக்கோ ஊசி போடப் போகினம்?" என்று கத்திவிட்டேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் அவுஸ்திரேலியாவில், அவருடைய நம்பர் ஒரு பழைய டயரியில், டயரி எங்கே என்று தேடவேண்டும் என்றார் கமிட்டி அங்கிள். தேடுங்கள் என்று சொல்லி வைத்தேன். இதை எழுதும் வரைக்கும் அவர் தேடி முடிக்கவில்லை.

ஊசி அங்கிளுக்கு அவருடைய இரத்த வகை தெரிந்திருந்தது. பெயர் தெரியவில்லை.

மணி பத்தைத் தாண்டியது. காயத்தைக் கழுவித் தைத்திருப்பார்கள், டொக்டர் மருந்து எழுதியிருப்பார். இந்த மனிதர் ஐசி கொண்டுபோயிருந்தால் இவ்வளவு கூத்தும் இல்லையே என்று அவரையும் மனதுக்குள் திட்டினேன். கொழும்பில் எங்களைப் போன்றவர்கள் ஐசி இல்லாமல் குப்பை கொட்டவும் கீழே இறங்குவதில்லை. அவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு பாண் ரொட்டி வாங்கப் போனாலும் சட்டைப் பையில் ஐசி இருக்கும். இன்றைக்கு மட்டும் எங்கே போனது?

அப்போதுதான் பொறி தட்டியது. முதல்நாள் பின்னேரம் கதவடியில் நின்று சொன்னார், பென்ஷன் விஷயத்துக்கு ஐசி போட்டோக்கொப்பி எடுக்கப் போகிறேன் டீச்சர், உங்களுக்கும் ஏதும் கொப்பி வேணுமோ என்று. கொப்பியை எடுத்துக்கொண்டு ஐசியை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். விடிந்ததும் தெரிந்து, போனையும் மறந்து, அதை எடுக்கத்தான் பதறிக்கொண்டு ஓடியிருக்கிறார். பேவ்மென்ட் கல் கிளம்பி நிற்கும் அந்த இடத்தில் கால் தடக்கியிருக்கிறது.

கொமினிகேஷன் நானா

போட்டோக்கொப்பிக் கடையை நாங்கள் கொமினிகேஷன் என்போம். கடைக்காரரின் போன் நம்பர் கடைப் பலகையில் இருக்கிறது, பலகை வெள்ளவத்தையில் இருக்கிறது. திரும்ப ஓட்டோ. காலி வீதியில் பம்பலப்பிட்டி தாண்டும்வரை வாகனம் அசையவில்லை. நடந்தால் முந்திப் போகலாமோ என்று இரண்டு தடவை காலை வெளியே வைத்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஆன்ட்டி, கொஞ்சம் இருங்கோ" என்றார். ஆமாம், நான் ஆன்ட்டி.

கடையில் நானா நிதானமாக ஒருவருக்குக் கல்யாணக் கார்டை லெமினேட் பண்ணிக்கொண்டிருந்தார்.

"நானா, எங்கட அங்கிள் ஐசியை..."

"இந்தா ஈக்கி டீச்சர்." மேசை லாச்சியைத் திறந்து ஐசியை நீட்டினார். "நேத்து மெஷினுக்குள்ள உட்டுட்டுப் போன. வருவார் வருவாரெண்டு பாத்துக்கிட்டு ஈந்த."

வாங்கிப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு முந்திய படம். அடர்ந்த மீசை, கோபக்காரப் பார்வை. அதற்குக் கீழே பெயர்.

செல்லையா அருளம்பலம்.

"அதா அங்கிள்ட பேரு?" என்று நானா எட்டிப் பார்த்தார்.

"ராவு முழுக்க லாச்சியில வச்சிருந்தனீங்கள், பேர் பாக்கேல்லையோ?"

"என்னத்துக்கு டீச்சர் பேர் பாக்கிற? போட்டோ ஈக்கிதானே."

எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. ஓடினேன்.

அப்படி ஒருவர் இல்லை

திரும்பவும் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றபோது பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. வெற்றி வீராங்கனை மாதிரி ஐசியை உள்ளே தள்ளினேன். சிங்களத்தில், தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைச் சொன்னேன்.

கண்ணாடிக்காரர் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் ஓட்டினார்.

"இந்தப் பெயரில் ஒருவரும் வரவில்லை மிஸ்."

"வடிவாகப் பாருங்கள்."

"பார்த்துவிட்டேன். வெள்ளவத்தை விலாசத்திலும் ஆண்கள் யாரும் இல்லை. வேறு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிர்வீட்டு மனிதரை, ஒரு சொல் சொன்னால் காப்பாற்றக்கூடிய மனிதரை, கொழும்பு முழுக்க எந்த ஆஸ்பத்திரியில் போய்த் தேடுவேன்? ஆத்திரத்தில் மேசையில் கையால் அடித்தேன்.

"பதினொரு வருசம்! பதினொரு வருசமா அங்கிள் அங்கிள் எண்டு கூப்பிட்டதில வந்த வினை!"

தமிழில்தான் கத்தினேன். ஆனால் கண்ணாடிக்காரரின் விரல் நின்றது.

"என்ன சொன்னீர்கள்? அங்கிளா?"

அவர் முதல் பக்கத்துக்குப் போனார். காலை எட்டேகாலுக்கு வந்தவர். மிஸ்டர் அங்கிள். விலாசம் ஜிந்துப்பிட்டி. கொண்டுவந்தவர் முருகையா, ஓட்டோ சாரதி. தன்னுடைய விலாசத்தைத்தான் அவர் கொடுத்திருந்தார்.

"கிறிஸ்தவப் பெயர் என்று நினைத்தேன் மிஸ்" என்றார் கண்ணாடிக்காரர். "அந்தப் பக்கத்தில் எத்தனையோ விதமான பெயர்கள் இருக்கின்றனவே."

ஒன்பதேமுக்காலுக்கு நான் இந்த இடத்தில்தான் நின்றேன். இந்தச் சொல்தான் என் வாயில் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கிடைத்திருப்பார். ஆங்கில டீச்சர் அல்லவா, பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராகச் சொல்லக் கூடாதல்லவா, விழுங்கிவிட்டேன். படிக்காத முருகையா கூச்சமில்லாமல் சொல்லி ஒரு மனிதரைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

கண்ணாடிக்காரர் போனைத் தூக்கி வார்டுக்கு அடித்தார். ஒருவரும் எடுக்கவில்லை. "ஓடுங்கள் மிஸ்" என்றார்.

சிவப்பு மை

வார்டில் நேர்ஸ் பிள்ளை மருந்துத் தட்டோடு கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தாள். நான் வாசலிலிருந்தே "பெனிசிலின், பெனிசிலின்" என்று கத்திக்கொண்டு போனேன். விசர் மனுசி என்று நினைத்திருப்பாள். விஷயத்தைச் சொன்னதும் அங்கிளுடைய டிக்கெட்டை, அந்த நோயாளிச் சீட்டை, எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. டொக்டர் எழுதியிருந்த முதல் ஊசி பன்னிரண்டு மணிக்கு. தட்டில் இருந்தது.

"ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டோம் ஆன்ட்டி. எல்லாவற்றுக்கும் தலையைத் தலையை ஆட்டினார்" என்றாள். விழுந்த அதிர்ச்சியில், சிங்களத்தில் கேட்டால் அவர் எதற்குத்தான் தலையை ஆட்டமாட்டார்.

சிவப்புப் பேனையை எடுத்து டிக்கெட்டின் குறுக்கே கொட்டை எழுத்தில் எழுதினாள். பிறகு ஐசியைப் பார்த்து, மேலே இருந்த மிஸ்டர் அங்கிளை ஒரு கோடு போட்டு வெட்டி, செல்லையா அருளம்பலம் என்று எழுதினாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

தலையில் கட்டோடு அவர் கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டதும் முதலில் சொன்னது இதுதான்:

"டீச்சர், என்ர ஐசி துலைஞ்சு போச்சு."

"சும்மா இருங்கோ அங்கிள்" என்று அதட்டி, ஐசியை அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.

பெயர் மாற்றம்

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் போனை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு அங்கிளுக்கும் அடித்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். சிலர் பயந்துவிட்டார்கள். கார் அங்கிள், "ஏன், பொலிசில கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டார். அங்கிள் ஓட்டோ இரண்டு, அதாவது எங்களைத் தெரிந்து வைத்திருந்த அதே முருகையா, "இத்தன வருசத்துல நீங்கதாங்க மொதல்ல கேட்டீங்க டீச்சரம்மா" என்றார். காலையில் அவருக்கு ஒரு போன் அடித்திருந்தால் போதும். என் போனுக்குள்ளேயே இருந்த மனிதர். யாரைச் சொல்லி நோவது?

எல்லோரையும் பெயர் மாற்றிவிட்டுத் திருப்தியாகப் படுத்தேன். மறுநாள் காலை போன் அடித்தது. திரையில் முருகையா என்று வந்தது. முருகையா என்று எனக்கு ஒருவரையும் தெரியாதே என்று கட் பண்ணினேன். மூன்று தடவை கட் பண்ணினேன். கீழே ஓட்டோ ஹோர்ன் பொறுமை இழந்து கத்தியபோதுதான், ஆஸ்பத்திரிக்குப் போக வரச் சொன்னவள் நானே என்று ஞாபகம் வந்தது.

பார்வையாளர் நேரத்தில் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நேற்றைய பாடத்துக்குப் பிறகு எனக்கு வைராக்கியம். கட்டிலடியில் நின்று கூப்பிட்டேன்.

"அருளம்பலம் அண்ணை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வேறு யாரையோ தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அவ போனாப் பிறகு அந்தப் பேரை ஒருத்தரும் சொல்லேல்லை டீச்சர்" என்றார். "அவ மட்டும்தான் பேர் சொல்லிக் கூப்பிடுறவ. ஒரே கந்தோரில வேலை செய்து கட்டினது. கலியாணத்துக்குப் பிறகும் விடேல்லை. என்ர அம்மா ஏசி ஏசிப் பாத்தவ, அவ கேக்கேல்லை. மகள் அப்பா எண்டுவாள். மற்றவை எல்லாம் அங்கிள்."

சொதியைக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

இரண்டு வாய் சாப்பிட்டவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. உங்கட பேர் என்ன?"

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. பதினொரு வருடம்! என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வைத்த மனிதர்! நேற்று நான் விழுந்திருந்தால் இவர் போய்க் கண்ணாடிக்கு முன்னால் என்ன சொல்லியிருப்பார்?

"புவனேஸ்வரி" என்றேன். சொல்லும்போது யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்வது போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஓட்டோவில் ஆன்ட்டி, தங்கச்சிக்கு அக்கா. அம்மா இருக்கும்வரை அம்மா கூப்பிட்டா.

அவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. காலையில் பேப்பர்காரர் அவருடைய பேப்பரையும் என் கதவில்தான் போட்டுவிட்டுப் போகிறார். எடுத்துக்கொண்டுபோய்த் தட்டி, "அருளம்பலம் அண்ணை" என்று கூப்பிடுகிறேன். மாடியில் மற்றக் கதவுகள் திறந்து மூடுகின்றன. டீச்சருக்கு என்ன வந்தது, அங்கிளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா என்று கமிட்டி வரை கதை போயிருக்கிறது. போகட்டும்.

நேற்றுக் காலை தட்டிவிட்டு நின்றேன். கால் இன்னும் சரியில்லை, எழுந்து வர அவருக்கு நேரம் எடுக்கும். உள்ளே கைத்தடி நிலத்தில் ஊன்றும் சத்தம் கேட்டது.

"வாறன், புவனேஸ்வரி. நில்லுங்கோ" என்றார்.

நான் பேப்பரைப் பிடித்தபடி நின்றேன்.